அப்பாவின் செட்டில் இரைச்சல்

பத்து வயதில் நான் தொடர்ந்து இரண்டரை மாதம் பொய் சொன்னேன். ஒரே பொய்தான், ஒரே ஆளிடம்தான். தினம் ஏழெட்டு முறையாவது சொல்வேன். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று மருந்து கொடுப்பதுபோலச் சொல்லியிருக்கிறேன். அதற்காக யாரும் என்னை அடித்ததில்லை. அடித்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

அப்பா அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகட்டை அச்சில் வைத்ததும் மேலிருந்து இரும்பு இறங்கி அடிக்கிற இடம். வாரம் ஆறு நாள் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்கு நடந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஏதோ சண்டை நடக்கிறது என்று தெருவில் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, அப்பா பேசுவதே அப்படித்தான். சோற்றுக்கு உப்புக் கேட்டாலும் ஊரைக் கூட்டுகிற குரலில்தான் கேட்பார். கம்பெனியில் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்களாம், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காதாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா சேர்ந்த பதினோராம் வருஷம் அந்தக் கம்பெனியை மூடினார்கள். அப்பா ஒரு தகரப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார். துணிமணி இருக்கும் என்று அம்மா திறந்து பார்த்தாள். உள்ளே சால்டரிங் இரும்பு, ஈயக் கம்பிச் சுருள், மீட்டர், கட்டுக் கட்டாகப் பாடப் புத்தகங்கள். அறையில் தனியாகக் கிடந்த காலத்தில் அவர் தபால் மூலம் ரேடியோ படித்து முடித்திருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். இனி யாரிடமும் வேலைக்குப் போவதாக இல்லை, செட் கட்டிப் பிழைக்கப்போகிறேன் என்றார்.

செட் என்றால் ஆம்ப்ளிஃபயர். ரெக்கார்டு பிளேயரை மாட்டிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கான பெட்டி. எங்கள் பக்கத்தில் செட் என்றாலே கல்யாணத்துக்கும் கூழ் ஊற்றுவதற்கும் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்தான். கிராக்கியும் அதற்குத்தான். மைக் செட் போட்டால் நாலு காசு பார்க்கலாமே என்று யாராவது நல்லது சொல்ல வந்தால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "மரத்து மேல நின்னு கத்துறதுக்கு நான் செட்டு கட்டல. வூட்ல குந்திகினு கேக்கறவனுக்குத்தான் கட்டறேன்" என்பார். அதைச் சொல்வது என்னவோ மரத்தின் மேல் நின்று கத்துகிற குரலில்தான்.

முதல் செட் படப்பையில் ஒரு வாத்தியாருக்கு. சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் 'உம்'மென்று ஓர் இரைச்சல் வந்து நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் அது நன்றாகவே கேட்டது. மறுநாள் அப்பா மெட்ராஸுக்குப் பஸ் ஏறி, ரிச்சி தெருவில் ஷீல்டு ஒயர் வாங்கி வந்தார். பார்ப்பதற்குச் சாதாரணக் கறுப்பு ஒயர்தான். தோலைச் சீவினால் உள்ளே சன்னமான செம்புக் கம்பியில் சடைபோல ஒரு பின்னல், அந்தப் பின்னலுக்குள்ளே இன்னொரு ஒயர். பாட்டு உள்ளே இருக்கிற ஒயரில் போகும். வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்க்கும் இரைச்சலைப் பின்னல் மறித்து எர்த்துக்கு அனுப்பிவிடும். அதிலும் பின்னலின் ஒரு முனையைத்தான் எர்த்தில் பற்றவைக்க வேண்டும், இரண்டு முனையையும் வைத்தால் அதுவே இன்னோர் இரைச்சலைக் கிளப்பிவிடும். அப்பா பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது ஒயரை இழுத்துப் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டு வால்யூமை முழுக்கத் திருப்பினார். ஒன்றுமே கேட்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, கெட்டுப் பூட்ச்சா?" என்று கேட்டாள். அப்பா ரெக்கார்டின் மேல் முள்ளை வைத்தார். பாட்டு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாத்தியார் வீட்டில் அந்தச் செட்டைக் கேட்டுவிட்டு வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். இதேபோல, இன்னும் கொஞ்சம் பெரிதாக எனக்கு ஒன்று கட்டிக் கொடு, நன்றாக வந்தால் மண்டிக்கு முன்னால் சும்மா கிடக்கிற அறையைத் தருகிறேன், கடை போட்டுக்கொள் என்றார். அம்மா அப்போது செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலையில் வைத்துச் சுமந்து சுமந்து அவள் உச்சியில் முடி தேய்ந்துபோயிருந்தது. கடை கிடைத்தால் மறுநாளே சூளையை விட்டுவிடலாம். அந்த ஒரு செட் நல்லபடியாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் காத்துக் கிடந்தோம்.

பங்குனியிலேயே செட் முடிந்துவிட்டது. அப்பா போட்டுப் பார்த்தார். பாட்டு அமிர்தமாக இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "லேசா எரையுது" என்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அம்மா கேட்டுவிட்டு ஒன்றும் இல்லையே என்றாள். "சூளைத் தூசி உன் காத அடைச்சிகினு கீது" என்று சீறிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

"இல்லப்பா."

"நல்லா கேளு. கொசு மாரி. ஙொய்னு."

"இல்லப்பா. ஒண்ணும் கேக்கல."

அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆளின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை. ஆனால் அது பயம் என்று எனக்கு அப்போது தெரியாது. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் மேஜையை விட்டு எழுந்து வரவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டார். நான் காதை வைத்தேன், கண்ணை மூடினேன், கொஞ்ச நேரம் பொறுத்து, "ஆமாம்பா, லேசா" என்றேன்.

"பாத்தியா! கொழந்தைக்குக் கேக்குது!" என்று அம்மாவைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கை பறந்துபோனது. நேற்றுச் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டார். ஒரு பெரிய மனிதரை இப்படி ஒரே வார்த்தையில் சந்தோஷப்படுத்த முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததை விடுவேனா?

அன்றிலிருந்து நான்தான் அப்பாவுக்குக் காது. அவர் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு முக்காலி வந்தது. ஷீல்டு ஒயர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரரிடம், "என் பொண்ணு காது கீதே, மீட்டர்ல காட்டாததகூடக் கேட்டுடும்" என்று பெருமையடித்துக்கொண்டார். கடைக்காரர் இன்னும் நெருக்கமாகப் பின்னிய ஒயரை எடுத்துக் கொடுத்தார். திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ரோஸ் மில்க் வாங்கித் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொய்யிலும் நாளாக ஆகக் கை தேர்ந்துவிடுகிறது. எப்போதும் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அவர் சோர்ந்துபோகிறார் என்று கண்டுகொண்டேன். அதனால் அவர் புது ஒயர் மாற்றிய அன்றைக்கு, "கொறஞ்சிருக்குப்பா" என்பேன். அவர் நிமிர்ந்து உட்கார்வார். "முக்காவாசி பூட்ச்சில்ல?" என்று ஆசையாகக் கேட்பார். ஆமாம் என்பேன். மறுநாள் அவரே தலையைச் சாய்த்துக்கொண்டு, "திரும்ப வருது பாரு" என்பார். அதற்கும் ஆமாம் என்பேன். மாற்றிய ஒயரை மறுபடி பிடுங்குவார். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒயருக்கு மேல் ஒயராக, பின்னலுக்கு மேல் பின்னலாகச் செட்டுக்குள் இடமே இல்லாமல் போனது. டிரான்ஸ்ஃபார்மரைத் தகர டப்பாவை வெட்டி மூடினார். செட் இருந்த அறையின் ஜன்னல் கதவைச் சாத்தினார். கோழிகளைத் தெருவுக்குத் துரத்தினார். வெளிச் சத்தத்தை அவர் எவ்வளவுக்கு எவ்வளவு ஒதுக்கித் தள்ளினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஙொய் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அது ஏன் என்று யோசிக்கிற வயது எனக்கில்லை.

அப்புறம் எர்த்தின் மேல் சந்தேகம் வந்தது. கொல்லைப் பக்கம் இடுப்பளவு பள்ளம் தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி, நடுவில் இரும்புக் குழாயை நட்டு, அதிலிருந்து செட்டுக்குக் கம்பி இழுத்தார். மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் நன்றாக இழுக்கும். சித்திரை வெயிலில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊருக்கே ஒரு கிணற்றில்தான் தண்ணீர், அதுவும் அடியில். அம்மா சூளையிலிருந்து வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், வரிசையில் நின்று, இரண்டு குடம் கொண்டுவருவாள். அதில் ஒன்றை அப்பா அந்தப் பள்ளத்தில் ஊற்றிவிடுவார். ஊற்றிவிட்டு ஓடி வந்து, "இப்ப கொறஞ்சிதா?" என்று என்னைக் கேட்பார்.

"கொறஞ்சிச்சிப்பா."

அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா தினம் ஒரு குடம் அதிகமாகச் சுமந்தாள். ஒருநாள் கொல்லையில் என்னை மட்டும் நிறுத்தி, "நெஜமா சொல்லுடி, உனக்குக் கேக்குதா?" என்றாள். கேட்ட விதத்தில் அதட்டல் எதுவும் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முக்காலி போய்விடும், ரோஸ் மில்க் போய்விடும், அப்பா அந்த முகத்தோடு மறுபடி சாப்பிடாமல் உட்கார்ந்துகொள்வார். "கேக்குதும்மா" என்றேன். அம்மா என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

இதற்கு நடுவில் வாத்தியார் வீட்டுச் செட்டிலும் இரைச்சல் இருப்பதாக அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. யாரும் கூப்பிடாமலே போய்ப் பிரித்து ஒயர் மாற்றிவிட்டு வந்தார். இரண்டாம் முறையும் போனார். மூன்றாம் முறை இவர் தலையைக் கண்டதும் வாத்தியார் சம்சாரம் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். படப்பையில் வேறு இரண்டு வீட்டில் செட் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. மண்டிக்காரர் மட்டும் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்பாவும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று பதில் சொல்லி அனுப்பினார்.

வைகாசியில் ஒருநாள் அவரே வந்துவிட்டார். பக்கத்து ஊருக்கு நெல் ஏற்ற வந்த லாரியை அப்படியே எங்கள் தெருவுக்குத் திருப்பியிருந்தார். உச்சி வெயில். அப்பா டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு, வந்தவருக்கு அடை சுட்டுக் கொடுக்கலாம் என்று அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனாள். அன்று காலையில்தான் அப்பா செட்டை மறுபடி பெட்டியிலிருந்து கழற்றி, ஒயரெல்லாம் மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தார். அப்படியே ரெக்கார்டைப் போட்டார். மண்டிக்காரர் கண்ணை மூடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "அருமையா கீது தம்பி. இத வெச்சிகினா என்னை இத்தினி நாளா இழுத்தடிச்ச?" என்றார்.

"பாட்டுல தெரியாது ஐயா. பாட்டு இல்லாதப்ப கேளுங்க."

அப்பா பாட்டை நிறுத்தினார். சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்று ஃபேனையும் நிறுத்தினார். வால்யூமை முழுக்க வைத்துவிட்டு, எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த முனையில் பின்னலைப் பற்றவைத்திருக்கிறது, எந்த முனையில் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனார். பாவம், அந்த மனிதர் வேர்த்து வழியத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காட்டி முடித்ததும் அப்பா விரலை உயர்த்தி அமைதியாக இருக்கச் சொன்னார். மூன்று பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம்.

"கேக்குதா ஐயா?"

"இல்லியே தம்பி. எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"கொழந்தைய கேளுங்க. அது காது பொய் சொல்லாது" என்றார் அப்பா.

அந்நிய மனிதர் ஒருவர் என்னை மதித்துத் திரும்பிப் பார்த்தார். நான் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை அப்பாவைப் போலவே சாய்த்து, "கேக்குதுப்பா. நேத்தவிட ஜாஸ்தியா கீது" என்றேன்.

வாசலில் அம்மாவின் நிழல் விழுந்தது. இடுப்பில் தூக்கு, அதில் அரைக்காத அரிசி. "நான் போய் நின்னதும் மில்லுல கரண்ட் பூட்ச்சி. பத்து நிமிசம் நின்னு பாத்தேன். ஊர் முழுக்க இல்லியாம், எப்ப வரும்னே தெரியலன்றாங்க" என்றாள்.

மண்டிக்காரர் கையை நீட்டி ஃபேன் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். அப்பா கவிழ்த்திருந்த செட்டைத் தூக்கி முன்பக்கம் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் தலையைச் சாய்த்துக் கேட்டார். எத்தனை நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு பிளக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செட்டு நல்லாத்தான் கீது தம்பி. நான் எடுத்துகினு போறேன்" என்றார் மண்டிக்காரர். நல்ல மனிதர். லாரி டிரைவரைக் கூப்பிட்டுச் செட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போகச் சொன்னார். அப்பா தடுக்கவில்லை. அம்மாதான் பின்னாலேயே வாசல் வரைக்கும் போய், "ஐயா, அந்த ரூமு..." என்று இழுத்தாள். "பாக்கலாம்மா" என்றார் அவர். அம்மா தூக்கை இடுப்பைவிட்டு இறக்காமல் லாரி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அந்தச் செட் அவர் வீட்டில் பல வருஷம் ஓடியது. பெரியவளானபின் ஒருமுறை போய்க் கேட்டேன். இரைச்சல் என்பதே இல்லை. அவ்வளவு சுத்தமான செட்டை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. கடை மட்டும் வரவில்லை. அப்பாவும் அம்மாவோடு சூளைக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, பிரஸ் அடித்த அடியில் காது நரம்பு போய்விட்டது, அந்தச் சத்தம் காதுக்குள்ளேயேதான் இருக்கிறது, சாகும்வரைக்கும் இருக்கும் என்றார்கள். கம்பெனி இரைச்சலில் இருந்தவரைக்கும் தெரியாமல் கிடந்தது ஊரின் அமைதியில் தலைதூக்கியிருக்கிறது. முன்பே வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முன்பே தெரிந்திருந்தால் அந்தச் செட் பங்குனியிலேயே வாலாஜாபாத் போயிருக்கும், அம்மா சூளையை விட்டு நின்றிருப்பாள். நான் முதல் நாள் சொன்ன உண்மையை இரண்டாம் நாளும் சொல்லியிருந்தால் போதும்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. லாரி போன அன்று சாயங்காலம் எனக்கு இருந்ததெல்லாம் அடி விழுமே என்ற பயம் ஒன்றுதான். கரண்ட் வந்துவிட்டது, மில் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பா காலி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். போய் எட்ட நின்றேன். பக்கத்தில் வா என்று கையைக் காட்டி, மில் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார்.

"இப்ப கேக்குதா?" என்றார்.

மேஜைமேல் ஒன்றுமே இல்லை. நான் இன்னும் பொய் சொல்கிறேனா என்று சோதிக்கிறார் என்று நினைத்தேன். இந்த முறை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்து, இருக்கிற உண்மையையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். "இல்லப்பா. செட்டே இல்லியே. எப்பவுமே கேட்டதில்லப்பா. ஒருநாகூடக் கேட்டதில்ல. நீ சாப்புடாம இருந்தியே, அதான் சொன்னேன்."

அப்பா தலையை ஆட்டினார். அடிப்பதற்கு அவர் கை எழவில்லை. உரக்கப் பேசியே பழகியவர், எனக்கே கேட்டும் கேட்காததுமாக, "எனக்குக் கேக்குதும்மா" என்றார்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தப்பித்தோம் என்று தெருவில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். உண்மையைச் சொன்னதற்கு அடி விழாது என்று வாத்தியார்கள் சொல்வது சரிதான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டரை மாதமாக அந்தச் சத்தத்துக்குள் அப்பாவும் நானுமாக இரண்டு பேர் இருந்தோம். அவரை மட்டும் அதற்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.